காரின் வாயை அடைத்த மாமா

என் அக்கா புருஷன் நூலகத்தில் வேலை பார்க்கிறார். புத்தகம் அடுக்குவது பேருக்குத்தான்; பேசுகிறவர்களை முறைப்பதுதான் முழுநேர உத்தியோகம். ஊரையே அடக்கிய மனிதருக்கு அடங்காத ஒரே ஜென்மம், பலர் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்த கார். கியர் மாற்றினால் கதவு பதில் சொல்லும்.

சத்தத்தைக்கூட மாமா சகித்துக்கொள்வார். பின் சீட்டைத்தான் சகிக்க முடியவில்லை. வாரக் கடைசியில் ஹாஸ்டலிலிருந்து மகளைக் கூட்டிவரும்போது, அவளும் அக்காவும் பின்னால் தலையோடு தலை சேர்த்து வழிநெடுகப் பேசிச் சிரிப்பார்கள்; கார் போடும் இரைச்சலில் முன்னால் ஒரு வார்த்தை விழாது. "என்னம்மா?" என்று இவர் கத்துவார். "ஒண்ணுமில்லப்பா!" வீட்டுக்கு வந்ததும் மகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். பெற்ற பெண் என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

கார் சாமான் கடையில் அதிர்வை அடக்கும் அசல் ஷீட்டைக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் கார் அமைதியாவதற்கு முன்னால் மாமா அமைதியாகிவிட்டார். வெளியே வந்து, "எல்லாம் ஏமாத்து வேலைடா. தாரும் ரப்பரும்தானே? நம்மகிட்டயே இருக்கு," என்றார் என்னிடம்.

இருந்தது. மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டியதில் மிச்சமான தார் ஷீட், உடற்பயிற்சிக் கூடத்தில் கழித்துப் போட்ட ரப்பர் பாய், அக்கா தூக்கிப் போடச் சொன்ன சோபாவின் ஸ்பாஞ்ச். சீட்டைக் கழற்றி, கதவுகளைப் பிரித்து, இண்டு இடுக்கு விடாமல் ஒட்டினார். கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. "சத்தமெல்லாம் இது வழியாத்தான்டா வருது!" என்று கண்டுபிடித்து அதையும் அடைத்தார். விஞ்ஞானி!

அடுத்த மழைக்குக் கதவு குடமாகிவிட்டது. வளைவில் சளக், பிரேக் போட்டால் சளக் சளக். வெயில் ஏறினால் தார் நாற்றம் வேறு குடலைப் பிடுங்கும்.

"காரைச் சரிபண்ணச் சொன்னா கிணறு வெட்டி வெச்சிருக்கீங்க," என்றாள் அக்கா.

மாமா பிடித்த பிடியை விடுகிற ஆளா? ஓட்டைகளைத் திறந்துவிட்டு, தாரையெல்லாம் சுரண்டி எறிந்து, ரப்பரும் பழைய கார்ப்பெட்டுமாக மறுபடி ஆரம்பித்தார். எனக்கு ஒப்புக்கொள்ள மனசில்லை. இந்தத் தடவை வேலை செய்தது.

அந்த வாரம் மகளைக் கூட்டிவர நானும் முன் சீட்டில் போனேன். வண்டி கிளம்பியது. பின்னால் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மூச்சு மட்டும்தான். அம்மாவும் பெண்ணும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மாமா கொஞ்ச தூரம் பொறுத்தார். "பேசுங்களேன். இப்ப நல்லா கேக்குது."

"அதான்ப்பா பேசல," என்றாள் மகள். "உங்களுக்குக் கேக்காதுங்கிற தைரியத்துலதான் இத்தனை நாள் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். இவ்வளவு நேரம் கிண்டலடித்த எனக்கே மனசு கேட்கவில்லை. பாவம், மனுஷன் காதுகூடச் சிவந்துவிட்டது.

அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினார். "உன் பக்கமும் இறக்குடா," என்றார். காற்றும் லாரி இரைச்சலும் உள்ளே புகுந்தன. கொஞ்ச நேரத்தில் பின் சீட்டில் சிரிப்பு ஆரம்பித்தது. மாமா என்னவென்று கேட்கவில்லை.