ஒரே நம்பருக்கு இரண்டு தேதி

கடத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் இன்று காலையில் நடந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் மாத்திரை. ஒரு மாதமாகத் தவறாமல் விழுங்கியும் பிரஷர் இறங்கவே இல்லை. "மாத்திரை போடறீங்களா, தூக்கிப் போடறீங்களா?" என்று டாக்டரம்மா அவரைத்தான் திட்டினார்.

இன்று புது அட்டை வாங்கியதும், அதே கடையில் போன மாதம் வாங்கிய பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பேட்ச் நம்பர். காலாவதித் தேதி மட்டும் வேறு வேறு. ஒரே அண்டாவில் வடித்த சோறு, பாதி இன்றைக்குக் கெடுமாம், பாதி அடுத்த வருஷம் கெடுமாம்!

கடைக்காரரிடம் காட்டினேன்.

"பிரிண்டிங் மிஸ்டேக்குங்க ஆயா. இங்கிலீஸ்ல இருக்கறது உங்களுக்கு எங்க புரியப் போவுது?"

"நான் அஞ்சாவது படிச்சவ. எண்ணுக்கு ஏதுங்க இங்கிலீசு? பேட்ச் நம்பரோட பில்லு போடுங்க."

"மிசின் ரிப்பேருங்க."

"கையி நல்லாத்தான இருக்குது? எழுதிக் குடுங்க."

எழுதவில்லை. "குடுங்க, வேற கம்பெனி மாத்தித் தரேன்" என்று இரண்டு அட்டைக்கும் கை நீட்டினார். இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்காரருக்கு வேறு கடையில் பில்லோடு மாத்திரை வாங்கியாயிற்று.

பில் தரவேண்டும் என்பது சட்டம். நாளைக்குத் தர்மபுரியில் மருந்து ஆய்வாளர் மேசைமேல் இரண்டு அட்டையையும் வைக்கப்போகிறேன். டெஸ்டுக்கு அனுப்பட்டும். நல்ல மாத்திரைதான் என்று வந்தால், அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பில் கேட்காமலே மாத்திரை வாங்கும் மகராசர்கள் எல்லாம் கமெண்டுக்கு வாருங்கள். கடைக்காரரைத் திட்டி முடித்துவிட்டேன். அடுத்து நீங்கள்தான்.