அக்கா தவறிட்டா

இங்கே என்னை யாரும் அக்கா என்று கூப்பிடுவதில்லை. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு நான்தான் பொறுப்பு. ஆனாலும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட "ஜெயா" என்று மொட்டையாகத்தான் அழைப்பார். வந்த புதிதில் சுர்ரென்று கோபம் வரும், இப்போது பழகிவிட்டது.

எனக்கென்று இருந்தவள் ஒரே அக்கா, மேரி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு என்னை வழியனுப்ப வந்தபோது எல்லோரும் அழ, அவள் மட்டும், "சன்னலோரமா உக்காருடி, வாந்தி எடுத்துத் தொலைக்காத" என்று சத்தம் போட்டாள். பஸ் நகர்ந்த பிறகுதான் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன்.

போன மாதம் ஒரு காலை, வேலைக்குள் நுழையும்போதே அத்தானிடமிருந்து வாட்ஸப் வந்தது: "அக்கா தவறிட்டா." உடனே அவரைக் கூப்பிட்டேன். "நெஞ்சக் கரிக்குதுன்னா தாயி, செத்த நேரத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கோம், வந்துரு" என்றார்.

மத்தியான விமானத்தைப் பிடித்தால் முகம் பார்த்துவிடலாம். மேலாளர் பிரெண்டனிடம் ஓடினேன். கூடப் பிறந்தவளைச் செத்துட்டா என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? அதனால்தானே நாம் தவறிட்டா என்கிறோம். அத்தானின் செய்தியை அப்படியே நீட்டினேன். பிரெண்டன் அதைத் தன் செல்போனில் மொழிபெயர்த்தார். 'அக்கா தப்புப் பண்ணிவிட்டாள்' என்று அது ஆங்கிலத்தில் சொன்னது.

"தப்பே பண்ணாதவர்கள் யார், ஜெயா? அவளிடம் கோபப்படாதே" என்று தோளைத் தட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

சமையலறைக்குத் திரும்பினேன். உள்ளே நாலு பேர், அடுத்து என்ன என்று என் முகத்தைப் பார்த்தார்கள். வார்டுகளில் பசியோடு நோயாளிகள். கேரட்டை நறுக்கச் சொன்னேன், சூப்பை இறக்கச் சொன்னேன். அழுகை முட்டும்போதெல்லாம் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் பிரெண்டன் திரும்பி வந்தபோதுதான் எப்படியோ அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் துப்பினேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "உடனே கிளம்பு" என்றார். விமானம் போய்விட்டிருந்தது. அடுத்ததில் ஏறினாலும் குழி மூடிய பிறகுதான் போய்ச் சேர்வேன். கடவுளே, பிறகு யார் முகத்தைப் பார்க்க?

மறுநாள் லீவு கொடுத்தார்கள். அறையில் தனியாகக் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்கே வந்துவிட்டேன். மசாலா அலமாரியில் செல்போனைச் சாய்த்து வைத்தேன். வீடியோ காலில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம், பாதிரியார், பெட்டி. பெட்டியை மூடிவிட்டார்கள்.

"எல்லாரும் மண்ணு போட்டாச்சு. உன் பேருக்கு நான் ஒரு பிடி போடட்டுமா, தாயி?" அத்தான் குரல் உடைந்தது.

"போடுங்க அத்தான்" என்றேன், சத்தமாக.

கொதிக்கும் அண்டா பக்கத்தில் உருளைக்கிழங்குக் கூடையோடு நின்றாள் போலந்துக்காரி ஆனா. என்னிடமிருந்து அவள் கற்ற ஒரே தமிழ்ச் சொல் போடுங்க. உத்தரவு என்று நினைத்துக் கூடையை அண்டாவில் கவிழ்த்தாள். அங்கே பெட்டிமேல் மண் விழுந்தது.

"சரியா?" என்று ஆனா ஆங்கிலத்தில் கேட்டாள். "சரியா, தாயி?" என்று அத்தானும் கேட்டார்.

சரி என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.