நூலக வண்டியில் ஏறிய அரிசி

உணவுத்துறைக் கிடங்கின் பொறுப்பாளருக்கு மற்ற அலுவலகங்களில் ‘இரவல் அக்கா’ என்று பெயர். பொதுப்பணித்துறையின் தார்ப்பாய், வனத்துறையின் ஏணி, தபால் அலுவலகத்தின் தராசு, எதையும் கேட்டு வாங்க அவள் கூசியதே இல்லை. “வீட்டுல மட்டும் கேக்க மாட்டா, உத்தரவுதான்” என்பான் கணவன். வாங்கியதைத் துடைத்துச் சுத்தமாக, ஒன்று குறையாமல் திருப்பித் தருவாள். அதில்தான் அவளுடைய மானமே இருந்தது. துறைகள் கைகோத்துச் செயல்பட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் திட்டம் சொல்கிறது. கையை முதலில் யார் நீட்டுவது என்று அதில் இல்லை.

அன்று காலை கிடங்கு லாரி அச்சு முறிந்து படுத்துவிட்டது. மலைமேல் இருந்த பள்ளியின் சமையலறையில் மறுநாளுக்கு மட்டுமே அரிசி. வானம் கறுத்திருந்தது. மழை பிடித்தால் தரைப்பாலம் மூழ்கும், பிள்ளைகள் பட்டினி. சாலைத்துறை லாரியில் தார் நாற்றம். சுகாதாரத்துறை வண்டியோ தீப்பெட்டி மாதிரி. மிஞ்சியது நடமாடும் நூலகம்.

நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, புத்தக வண்டியில அரிசியா? மேலிடத்துல கேட்டா என்ன சொல்றது?”

“உங்க கூரை ஒழுகினப்ப புத்தகமெல்லாம் எங்க இருந்துச்சு சார்?”

“உன் கிடங்குல.”

“என் மேலிடத்துல யாராவது கேட்டாங்களா?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஒண்ணுகூட எலி கடிக்கலை” என்று முணுமுணுத்தபடி சாவியை நீட்டினார்.

அவசர அவசரமாகப் புத்தகங்களை இறக்கி மூட்டைகளை ஏற்றினார்கள். அவளும் ஏறிக்கொள்ள, வண்டி பாலத்தைத் தாண்டி மலையேறியது. அதுவரை அந்தப் பள்ளிக்கு நூலக வண்டி போனதில்லை. பக்கவாட்டில் வரைந்திருந்த புத்தகப் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். மூட்டைகள் இறங்கின. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், இறக்க மறந்த ஒரு அலமாரித் தட்டு நிறையப் படக்கதைகள். அவள் “தொடாதீங்கடா” என்பதற்குள் தட்டு காலி. முதல் தூறல் விழுந்தது.

“கெளம்பலாம்கா, பாலம் போயிடும்” என்றான் ஓட்டுநர். பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை அதற்குள் மூன்றாம் பக்கத்தில் இருந்தாள்.

மாலையில் நூலகர் வண்டித் தரையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு குருணை இல்லை. பிறகு காலித் தட்டைப் பார்த்தார்.

“இது எங்கம்மா?”

அவள் தலையைச் சொறிந்தாள். “இரவல் குடுத்துட்டேன் சார்.”

நூலகர் அப்படிச் சிரித்து அந்த அலுவலகம் பார்த்ததில்லை. “அடுத்த லோடுக்கும் வண்டிய எடுத்துக்க. ரெண்டு தட்டுல மட்டும் மூட்டைய வைக்காத. நானும் வரேன்.”