முடிக்கத் தெரியாத மெட்டு

“...கழுத்து ஒடியுதுன்றாங்கண்ணா பொம்பளைங்க. இன்னும் எத்தினி சுத்து சுத்தும் உன் மெட்டு?” என்று தங்கை என் காதருகே வந்து கேட்டாள்.

பாகூரில் அவள் வீட்டு வாசல். அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் நான். சீர்த்தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர்ப் பெண்கள் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். முன்னால் பேண்டு செட்டு நான் போட்ட மெட்டை வாசித்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் சொந்தத்தில், சீரோடு வருகிற பாட்டு முழுசாக முடிந்த பிறகுதான் தட்டை இறக்குவோம். பாட்டைப் பாதியில் நிறுத்தினால் சீரே பாதியில் நின்ற மாதிரி என்பார்கள். சினிமாப் பாட்டு என்றால் வம்பில்லை, அது தானாக முடிந்துவிடும்.

நான்தான் சினிமாப் பாட்டு வேண்டாம் என்றேன். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். புகுந்த வீட்டார் முன்னால் அவள் சீர் யாரும் கேட்டிராத இசையோடு வந்து இறங்க வேண்டும் என்று ஆசை. நான் பாடினால் கொட்டகையில் படுத்திருக்கும் மாடு எழுந்துபோகிறது என்றாள் என் மனைவி. அதற்குப் பிறகும் வில்லியனூரில் கீபோர்டு சொல்லித்தரும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தேன். என் மகள் வயசு. நான் டீச்சர் என்பேன், அவள் அங்கிள் என்பாள்.

‘சா’ சுரம்தான் வீடு, கிளம்பிக் கடைத்தெருவெல்லாம் சுற்றிவிட்டு அங்கே திரும்பி வரணும் என்று சொல்லிக்கொடுத்தாள். நானும் கிளம்பினேன், சுற்றினேன். ஆனால் கடைசி வரி ஒரு இடத்தில் தொங்கி நின்று, அப்படியே முதல் வரிக்குத் தாவியது. அந்தத் தாவல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

“அங்கிள், வூட்டு வாசப்படி வரைக்கும் வந்துட்டு மறுபடியும் பஸ் ஏறிடுது இது” என்று சிரித்தாள். முடிவை அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றாள். அந்த வாரம் பார்த்துக் கரும்பு வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் போகவில்லை.

மெட்டைப் போனில் பதிந்து பேண்டு செட்டுக்கு அனுப்பினேன். ட்ரம்பெட் ஊதுகிறவர் விவரமானவர், இது எங்கே முடியும் என்று கேட்டார். வாசல் வரைக்கும் சுத்திக்கினே வாங்க, அங்க வந்தா முடிஞ்சிடும் என்றேன். வீட்டைக் கண்டதும் தானாக நிற்கிற மாட்டுவண்டி போல நினைத்துவிட்டேன்.

வீடு வந்தது. ட்ரம்பெட்காரர் கன்னம் உப்பக் கண்ணாலேயே கேட்கிறார். நான் பந்தல் துணியைப் பார்க்கிறேன். வாழைத்தார் தட்டோடு நின்ற சித்தி வலி தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அது ஆட்டம் என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள்.

மாமன் சீர் வந்த வழியே திரும்பிப் போய்விடுமோ என்று தங்கையின் நாத்தனார் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எனக்கும் கேட்டது, தங்கைக்கும் கேட்டது. நிறுத்தச் சொன்னால் காலத்துக்கும் பேச்சு. விட்டால் சித்தி விழுவார்.

தங்கை எட்டி, முன்னால் நின்றவள் தட்டிலிருந்து பெரிய லட்டு ஒன்றை எடுத்தாள். “மொத இனிப்பு வாசிக்கறவருக்குத்தான்னு எங்கண்ணன் சொல்லியிருக்காரு” என்று நாத்தனாருக்கும் கேட்கும்படி சொன்னாள். மெட்டின் கடைசி வரி தொங்கி நிற்கிற அந்த இடம் வருகிறவரை காத்திருந்தாள். மூச்சு வாங்க அவர் ட்ரம்பெட்டை இறக்கிய நேரம் பார்த்து, முழு லட்டையும் அவர் வாயில் வைத்து அடைத்தாள்.