நான்காவது வளையம்

மில்லில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லென்ஸக்கா. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். பைன் மரங்களை உத்தரங்களாக அறுக்கும் ஆலை அது. ஒவ்வொரு உத்தரத்தின் முனையையும் குனிந்து பார்த்து, பாரம் தாங்கும் என்றால் சிவப்பு முத்திரை, தாங்காது என்றால் நீலம் குத்துவது அவள் வேலை. நீலம் விழுந்தது பெட்டி செய்யத்தான் போகும். சிவப்பு முத்திரையில் அவளுடைய உரிம எண் ஏழு இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் அவள் சிவப்பு குத்திய மரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

"மாப்பிள்ளையையும் லென்ஸ் வச்சுத்தான் பாத்தியாக்கா?" என்று லோடு ஏற்றுகிறவர்கள் சீண்டுவார்கள்.

"பாத்திருந்தா நீலம் குத்தியிருப்பேனே!" என்பாள். பஸ் ஓட்டும் அவள் புருஷனே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு தொடர்ந்து மூன்று வருஷம் மழை பொய்த்தது. மலைச்சரிவிலிருந்து வந்த மரங்களுக்குப் பட்டை முழுசாக இருந்தது, தலை பச்சையாக இருந்தது. அறுத்தால்தான் தெரிந்தது. நடுவிலிருந்து மயிரிழைபோல ஒரு வெடிப்பு, நீளவாக்கில் ஓடியது. லென்ஸக்கா பத்துக்கு ஆறு உத்தரத்தில் நீலம் குத்தினாள்.

மேனேஜர் ஓடி வந்தான். அவளுடைய சொந்தத் தம்பி. அவள் சொல்லித்தான் அந்த மில்லில் சேர்ந்தவன்.

"மரத்து மேல உனக்கு என்னக்கா கோபம்?"

"கோபம் இல்லடா. தாகத்துல கெடந்த மரம் இது. தண்ணி இல்லேன்னா மொதல்ல ஊசியிலையில இருக்கற துளையெல்லாம் மூடிக்கும். அப்பவும் வெயில் இழுத்துக்கிட்டே இருந்தா, உள்ள ஏறுற தண்ணி அறுந்துபோயி குழலுக்குள்ள காத்து பூந்துடும். தண்டு சுருங்கும், வெடிக்கும். இந்த வருஷ வளையத்தப் பாரு, நகத்தால கீறின மாதிரி."

"வெளியில ஒண்ணும் தெரியலியே."

"காய வச்சா தெரியும். பாரம் ஏத்தினா இன்னும் நல்லாத் தெரியும்."

அடுத்த திங்கட்கிழமை அவன், "முத்திரையக் குடுத்துட்டு கொஞ்ச நாள் பேக்கிங்ல இருக்கா. முதலாளி சொல்லிட்டார்" என்றான். அவள் கொடுத்துவிட்டாள். அதை எழுதி வாங்காமல் கொடுத்ததுதான் தன் முட்டாள்தனம் என்று பின்னால் அவள் தன்னையே திட்டிக்கொண்டதற்குக் கணக்கில்லை.

மறுவருஷம் மழை கொட்டியது. அதற்கும் அடுத்த வருஷம், கட்டிக்கொண்டிருந்த ஒரு கூடத்தில் உத்தரம் நெடுக்காகப் பிளந்தது. மேலே உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். உத்தரத்தின் முனையில் சிவப்பு ஏழு.

மில் ஆபீசிலேயே விசாரணை நடந்தது. உடைந்த துண்டைச் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள்.

"உங்க முத்திரைதானே?" என்றார் விசாரணை அதிகாரி.

"முத்திரை என்னோடது சார். குத்தினது நான் இல்ல. நான் பேக்கிங்ல இருந்தேன்."

அதிகாரி தம்பியைப் பார்த்தார். அவன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "இது அவங்க பேக்கிங்குக்குப் போறதுக்கு முன்னாடி அறுத்தது சார்" என்றான். அக்கா என்று சொல்லவில்லை. அவங்க என்றான்.

அவள் தரையில் உட்கார்ந்து லென்ஸை எடுத்தாள். துண்டின் ஒரு மூலையில் பட்டை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அங்கிருந்து உள்பக்கமாக எண்ணினாள்.

"சார், நீங்களே பாருங்க. ஒட்டி ஒட்டி மூணு வளையம் இருக்கா? மூணும் மழையில்லாத வருஷம். அதுக்கு வெளிய, பட்டையை ஒட்டி, நாலாவதா ஒண்ணு, கொஞ்சம் அகலமா. அது மழை பேஞ்ச வருஷம். அந்தத் தண்ணியக் குடிச்சப்புறம்தான் இத வெட்டியிருக்காங்க. மழைக்கு முன்னாடியே நான் பேக்கிங்குக்குப் போயிட்டேன். பேக்கிங் சீட்டுலயெல்லாம் என் கையெழுத்து, தேதியோட இருக்கு."

அதிகாரி லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நிபுணர்கிட்ட அனுப்பணும். வியாழக்கிழமை ஆள் வருவாங்க. அதுவரைக்கும் பத்திரமா வைங்க" என்றார். அதைத் தம்பியிடம்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் சந்தோஷமாகச் சாப்பிட்டாள். வியாழக்கிழமை ஆள் வந்தபோது சாக்கு மட்டும் இருந்தது. குப்பை என்று நினைத்து யாரோ பாய்லரில் போட்டுவிட்டார்களாம். முத்திரையைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். வளையத்தை யாரும் எடுக்கவில்லை. உரிமம் ரத்தானது, வேலையும் போனது.

தச்சரைப் பார்க்கப் போனாள். கட்டிலில் படுத்தபடியே அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"தம்பியக் காப்பாத்தப் பழிய ஏத்துக்கிட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன். மரம் சொல்லுதுங்கறீங்களேம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி பழப்பையோடு வந்தான். கதவைத் திறந்த புருஷன் வெளியே போய்விட்டார்.

"எனக்கு ரெண்டு பொண்ணு படிக்குதுக்கா. மாமா சம்பாதிக்கிறார். நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன்."

"பாய்லர்ல ஆள விட்டுப் போடச் சொன்னியா, நீயே போட்டியா?"

அவன் பழப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தான். "நானேதான்."

அவள் எழுந்து, பையை அவன் கையிலேயே திணித்து, வாசல்வரை கூடப் போய்க் கதவைச் சாத்தினாள்.

இப்போது அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறாள். கூட வேலை செய்கிறவர்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தால், கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை என்பாள். அதைச் சொல்லும்போது அவள் கை நிற்பதுகூட இல்லை.