வெயிலில் பெய்த மழை

எங்கள் சாயப் பட்டறையில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதும் மழை வரும். சுத்திகரிப்புத் தொட்டி நிரம்பினால் யாராவது "மழை வந்துடுச்சு!" என்று கத்துவார்கள். உடனே ஒருவன் ஓடிப்போய்ப் பின்பக்க வால்வைத் திறப்பான். சாயத் தண்ணீர் அப்படியே ஓடையில் கலக்கும். அடைமழைக்கென்று வைத்த வால்வு; வெயிலிலும் திறந்து பழகிவிட்டோம். வெட்கங்கெட்ட பிழைப்பு!

என் தங்கை தொட்டிக்குப் பொறுப்பாக வந்த அன்றே அந்தச் சத்தம் கேட்டது. பாவம், வெளியே காயப் போட்டிருந்த சாம்பிள் துணிகளை வாரி எடுக்க ஓடினாள். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. விஷயம் புரிந்ததும் ஃபிட்டரான என்னிடம்தான் வந்தாள்.

"அண்ணா, அந்த வால்வோட கைப்பிடியைக் கழட்டு."

"வந்த அன்னைக்கே வம்பை விலைக்கு வாங்குறியேம்மா!"

"நீ கழட்டுறியா, நான் கழட்டட்டுமா?"

பிடிவாதத்தில் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள். கழட்டிக் கொடுத்தேன்.

முதலாளி ஒன்றுதான் சொன்னார்: "மெஷின் நிக்கக்கூடாது. நின்னா நீ வீட்டுக்குப் போ." அவள் வேலையை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

கடைசி அலசல் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அதைத் தனியே சேர்த்து அடுத்த துணியின் முதல் அலசலுக்கு விட்டால் தொட்டி நிரம்பாது என்றாள். சாய மாஸ்டர் எகிறினார்.

"பழைய தண்ணியிலயா அலசுறது? நிறம் கெட்டா உன் அப்பனா வந்து பதில் சொல்வான்?"

அவள் அப்பன் எனக்கும் அப்பன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மெஷினிலிருந்து தனித்தொட்டிக்குக் குழாயைப் போட்டு வைத்தேன். மாஸ்டர் அதைத் தொடவே இல்லை.

ஒருநாள் தொட்டி விளிம்புவரை வந்துவிட்டது. மெஷினில் கடைசி அலசல். "மழை!" என்று கத்தினார் மாஸ்டர். தங்கை நேரே போய் மெஷினை நிறுத்தினாள். முதலாளி ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?"

"யாரையும் கேக்கலைங்க. இந்தத் தண்ணி ஓடைக்குப் போகாது. என்னை அனுப்புறதுன்னா அனுப்புங்க."

அவள் அசையவில்லை.

மெஷினுக்குள் துணி கசங்கிக் கிடந்தது; இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் பாழ். மாஸ்டர் தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சனியன் பிடிச்ச குழாய்!" என்று திட்டிக்கொண்டே அவரே அதைத் திறந்துவிட்டார். மெஷின் மறுபடி ஓட, தெளிந்த தண்ணீர் தனித்தொட்டியில் சேர்ந்தது. சுத்திகரிப்புத் தொட்டியில் மட்டம் இறங்கியதும் அடுத்த துணியை அந்தத் தெளிந்த தண்ணீரிலேயே அலசினார். காயவைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நிறம் நிக்குது முதலாளி," என்றார் வேண்டாவெறுப்பாக.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "மெஷின் நின்னுச்சுங்க. நான் வீட்டுக்குப் போகணுமா?"

முதலாளி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மத்த மெஷினுக்கெல்லாம் குழாய் போடாம எங்க போற?" என்றார்.