இரண்டு கையிலும் வேட்டி

மாலை நாலே முக்காலுக்கு நான் வேனை விட்டு இறங்கினேன். நேரம் சரியாகத் தெரியும். ஐந்து மணிக்குள் தார் ரோட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்று கூட வந்த காட்டு வாட்சர் சொல்லியிருந்தார். இன்னும் கால் மணி இருக்கிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கதவைத் திறந்தேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. இறங்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

எங்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகிப் பதினாலு வருடம் கழித்துப் பிறந்தவள். அப்போது ஏழு வயது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு பாலக்கோட்டில் என் தக்காளி மண்டியில் உட்கார்ந்திருப்பேன். வாசலில் வேகமாக ஒரு சைக்கிள் வந்து நின்றால் போதும், ஏதோ சேதி கொண்டு வருகிறார்கள் என்று எழுந்துவிடுவேன். அப்படிப்பட்ட ஆள்தான் அவளைக் காட்டுக்குக் கூட்டிப் போனேன்.

காரணம் ஒரு படம். நீங்கள் பார்த்த மிருகம் ஒன்றை வரையுங்கள் என்று டீச்சர் சொன்னதற்கு இவள் ஒட்டகச்சிவிங்கி வரைந்து வந்தாள். பக்கத்து வீட்டு டி.வி.யில் பார்த்ததாம். எனக்கு அது பொறுக்கவில்லை.

"அது நம்ம பக்கத்து மிருகமே இல்ல கண்ணு. நம்மளுது யானை. பென்னாகரம் தாண்டினா ரோட்டுலயே நிக்கும். அப்பா காட்டறேன்."

அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "முட்டிக்கால் சிராய்ச்சதுக்கே மூணு நாள் தூங்காத ஆளு, யானைகிட்ட கூட்டிட்டுப் போறாராம்!"

அந்தக் கேலிதான் என்னை உசுப்பிவிட்டது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். படித்தவன், மகளுக்குத் தன் ஜில்லாவின் காட்டைக் காட்டுகிறவன் என்று நாலு பேர் பேச வேண்டும். அதுதான் ஆசை.

என் மண்டிக்குத் தக்காளி கொண்டுவரும் ஒருவரின் மைத்துனர் ஒகேனக்கல் காட்டில் வாட்சராக இருந்தார். அவரைப் பிடித்தேன். மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகை வேன். மனைவி வரவில்லை. டிரைவர், நான், மகள் மூன்று பேர்தான்.

காலையில் முதலைப் பண்ணையைப் பார்த்தோம். வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடந்தன. "பொம்மையாப்பா?" என்று கேட்டாள். ஒன்று கண்ணை மூடித் திறந்ததும் என் தொடையைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் ஆற்றோரம் மீன் வறுவல் தின்றுகொண்டே, "வேலிக்குள்ள இருக்கறது வேணாம்பா. சும்மா இருக்கறத காட்டு" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் வாட்சர் வேனில் ஏறிக்கொண்டு ஒரு மண் பாதையில் எங்களைக் கூட்டிப் போனார். ஒரு குட்டைக்கு இந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னார். தண்ணீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மான்கள் நாலைந்து வந்து குடித்துவிட்டுப் போயின. அவள் மூச்சு விடாமல் பார்த்தாள். அதோடு திரும்பியிருக்கலாம்.

பிறகு யானைகள் வந்தன. சத்தமே இல்லை. முள் புதர்களுக்குப் பின்னால் இரண்டு முதுகுகள் தெரிந்தன.

"அப்பா, முதுகு மட்டுந்தான் தெரியுது."

"கீழ குட்டி ஒண்ணு இருக்குது பாப்பா, அதான் மறச்சிக்கிட்டு நிக்குது" என்றார் வாட்சர்.

அதைக் கேட்டதும்தான் நான் இறங்கினேன்.

"சார், குட்டி போட்டிருக்குது, எறங்காதீங்க."

"ரெண்டு அடிதாங்க. அந்தப் பாறை வரைக்கும்."

பாறை முப்பது அடிக்கு மேல் இருந்தது. அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். பாறையருகே நின்றபோது அவளுக்குக் குட்டி தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சேற்றை வாரித் தன் மேலேயே போட்டுக்கொள்கிறது என்று அவள் காதுக்குள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெரிய யானை திரும்பியது. காதுகள் விரிந்தன. புஸ்ஸென்று ஒரு சத்தம், லாரி டயரில் காற்று இறங்குவது போல.

அடுத்து நடந்ததை எழுதத்தான் இந்தப் பேப்பரை எடுத்தேன். மகளைத் தோளிலிருந்து இறக்கினேன். தவறி விழவில்லை அவள். நான்தான் இறக்கி வைத்தேன். பிறகு ஓடினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதாகத்தான் நினைத்தேன் என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். வேனுக்குள் விழுந்து கதவைச் சாத்தியபோது பார்த்தேன். ஓடும்போது காலைத் தடுக்கக் கூடாதென்று வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். அவளுக்கு என்னிடம் கையே இல்லை.

டிரைவர் வேனைப் பின்னுக்கு எடுத்தார். யானை பாதையில் பாதி தூரம் வந்து நின்றது. ஒரு பர்லாங்கு தள்ளித் திருப்பத்தில் வேனை நிறுத்தினோம். அப்போதுதான் டிரைவர் பின்னால் பார்த்து, "அண்ணா, பாப்பா எங்க?" என்றார்.

வாட்சர் கதவைத் திறந்து இறங்கினார். "யாரும் எறங்காதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு காட்டுக்குள் போனார். சற்று நேரத்தில் அவர் குரல் கேட்டது. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதில் இல்லை. இடம் மாறி மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை.

பதில் ஏன் இல்லை என்று அந்தக் காட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமைகளில் அவளை மண்டிக்குக் கூட்டி வருவேன். லாரி, டிராக்டர், கூடை தூக்குகிறவர்கள், நெரிசல். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி எனக்கு ஓயாத பயம். அதனால் ஒரு பாடம் கற்றுக் கொடுத்திருந்தேன். கை விட்டுப்போனால் நின்ற இடத்திலேயே நில். யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே. என் குரல் கேட்டால் மட்டும் வா. ஒருமுறை சோதித்தும் பார்த்தேன். மூட்டைக்காரர்கள் மூன்று பேர் பெயர் சொல்லிக் கத்தியும் கூடை அடுக்குக்குப் பின்னால் அரை மணி நேரம் பேசாமல் நின்றாள். கெட்டிக்காரி என்று பன் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போதும் எங்கேயோ அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறாள். என் குரலுக்காக.

"அண்ணா, நீங்க கூப்புடுங்க" என்றார் டிரைவர். "பெத்தவங்க கொரலுன்னா கொழந்த வந்துரும்."

"கத்துனா யானை வந்துருமில்ல."

"யானை வரணும்னுதானே வேன் புடிச்சீங்க!"

சொல்லிவிட்டு அவரே இறங்கிப் படியில் நின்று கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பாடத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே போய்த்தான் ஆக வேண்டும். கண்ணாடியை இறக்கி ஒரு தடவை அவள் பெயரைச் சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை. வாட்சர் இறங்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார், அவர் பேச்சைக் கேட்பதுதான் முறை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கால் மணி நேரத்துக்கு முன்னால் அவர் பேச்சைக் கேட்காமல் இறங்கியவனும் நான்தான்.

ஊர் திரும்பிய பிறகு இந்தச் சேதி மண்டியில் வேறு மாதிரிப் பரவியது. யானையிடம் மாட்டித் தப்பித்து வந்தவர் என்று என்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மகளைத் தேடப் போகவிடாமல் வாட்சர் கதவைச் சாத்தி என்னைத் தடுத்துவிட்டதாகச் சொன்னேன். டீ வரவழைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். இரண்டு வருடமாக என் மனைவிக்கும் அந்தக் கதைதான் தெரியும். இதைப் படித்தால் இனித் தெரியும்.

ஐந்தரை மணி ஆயிற்று. வெயில் மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. வாட்சரின் குரல் தூரமாகிக்கொண்டே போனது. அவர் பாறையை விட்டு விலகித் தப்பான பக்கம் தேடுகிறார் என்று தெரிந்தது. டிரைவர் தொண்டை கட்டிப்போய் ஏறி உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்து, "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுண்ணா" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம்தான் இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதையில் நடந்தேன். பத்து அடி, பதினைந்து அடி. கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தேன். வலது பக்கம் புதருக்குள் கிளை ஒடிந்தது. ஏதோ ஒன்று கனமாக நகர்ந்து வந்தது.

திரும்பி ஓடினேன். மறுபடியும் ஓடினேன். கதவுப் பிடியில் கை வைத்தபோது பின்னால் மரமணிச் சத்தம் கேட்டது. பார்த்தால், மாடு. காட்டுக்குள் பட்டி போட்டு மேய்க்கிறவர்களின் மலைமாடு. வெள்ளையாக ஒன்று, அதன் பின்னால் இரண்டு, நிதானமாகப் பாதைக்கு வந்து, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் துண்டு, தோளில் தொரட்டி, இடுப்பில் என் மகள். மகளின் ஒரு காலில் செருப்பு இல்லை. அழவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கதவுப் பிடியில் இருந்த என் கையைப் பார்த்தாள். என்னிடம் வரக் கை நீட்டவில்லை.

அந்தப் பெண் வேனையும், டிரைவரையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் பாறைச் சந்துல ஒண்டிக்கிட்டு நின்னுச்சுங்க. உன் பேரென்ன, எந்தூருன்னு எத்தனையோ கேட்டேன், வாயே தொறக்கல. சரி, ஊமை போலன்னு தூக்கியாந்துட்டேன். யாருங்க உங்கள்ல அப்பா? வந்து வாங்கிக்கங்க, கை கடுக்குது."